கீழ்த்தளத்து ஆலோசகர் அறையைத் திரும்பத் திறந்து விடுங்கள்

பொறியியல் புலத்தின் டீன் அவர்களுக்கும், மாணவர் நலப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும்,

பொறியியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஆலோசகர் அறை இந்த செமஸ்டர் முதல் இயங்காது, மாணவர்கள் இனி இணையத்தில் பதிவு செய்துகொண்டு மைய ஆலோசனைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதே அறிவிப்பின் கடைசிப் பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. டெஸ்ட்டைத் தவறவிட்டவர்கள் ஆலோசகரின் கடிதத்தைக் கொண்டுவந்தால் இனி செல்லாது, மருத்துவர் கொடுக்கும் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, மட்டும்தான் செல்லும். என் வீட்டில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி அதைக் கைப்பேசியில் காட்டினாள். இரண்டு முறை படித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் உங்கள் மாணவியும் இல்லை, மாணவரைப் பெற்றவளும் இல்லை. அரசாங்க மருத்துவமனையில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். கோலாலம்பூரின் செந்தூலில், ரயில்வே பட்டறையில் உழைத்த என் அப்பா வாங்கிப்போட்ட வீட்டில் இருக்கிறேன். மேல்மாடியின் மூன்று அறைகளையும் ஒன்பது ஆண்டுகளாகப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். இதுவரை 19 பேர் தங்கியிருக்கிறார்கள். அதில் 14 பேர் உங்கள் புலத்துப் பிள்ளைகள். சுங்கை சிப்புட், பாகான் செராய், லூனாஸ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள்தான் அதிகம். பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் இவர்களைப் பகலில் பார்க்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பார்க்கிறவள் நான்.

நடு அறையில் இருக்கும் பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். எழுதச் சொன்னதே அவள்தான். அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்து, ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. அந்த செமஸ்டரின் ஒன்பதாவது வாரம். அவள் கீழே இறங்கி வந்து பசியாறி நான்கு நாள் ஆகியிருந்தது. கேட்டால், ரிப்போர்ட் முடிக்க வேண்டும் ஆன்ட்டி, அறையிலேயே சாப்பிட்டேன் என்பாள். நானும் நம்பினேன். ஒருநாள் காலையில் மேல்மாடிக் குளியலறையைக் கழுவப் போனேன். அங்கே கோப்பையில் நான்கு பிரஷ். மூன்று ஈரமாக இருந்தன. அவளுடையது காய்ந்து விறைத்துக் கிடந்தது. வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். குளிப்பது, பல் விளக்குவது, தலை சீவுவது என்று அன்றாடம் கை தானாகச் செய்கிற வேலைகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கினால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மைலோ கலக்கி எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். தீபாவளிக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின் மேசைக்கு அடியில் இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மடிக்கணினி திறந்திருந்தது. லேப் ரிப்போர்ட்டில் தலைப்பும் ஒரு வரியும் மட்டும் இருந்தன. எத்தனை நேரமாக இதை எழுதுகிறாய் என்றேன். நேற்று ராத்திரியிலிருந்து என்றாள். அப்புறம், "நெஞ்சு அடைச்ச மாதிரியே இருக்கு ஆன்ட்டி, நான் இல்லாம போனா எங்க வீட்டுக்குச் செலவாவது மிச்சமாகும்" என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று அவளை உங்கள் கட்டடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். கீழ்த்தளத்தில், லேப்புக்கும் கேண்டீனுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன அறை. வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆலோசகர் அங்கே உட்கார்ந்திருப்பார். மலாய்க்காரப் பெண்மணி. பதிவு இருக்கிறதா, பாரம் நிரப்பினாயா என்று எதுவும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முதல் கேள்வியே உயிரை விட்டுவிட நினைக்கிறாயா என்பதுதான் என்று அவள் பிறகு சொன்னாள். நேராகக் கேட்டாராம். கேட்டதும்தான் அழுகை வந்ததாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் நான் வெளியே நின்றேன். அன்றைக்கே அவர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, ஒரு கடிதம் எழுதித் தந்தார். அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். கிளினிக்கில் 1 வெள்ளி, சிறப்பு மருத்துவரிடம் 5 வெள்ளி. செலவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அதைச் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி வேலை செய்யாது. பலன் தெரியவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் குமட்டல் வரும், தூக்கம் கெடும், சிலருக்குப் படபடப்பும் கூடும். அவள் மாத்திரையைத் தொடங்கியது பத்தாவது வாரத்தில். அதே வாரத்தில் அவளுக்கு இரண்டு டெஸ்ட். கிளினிக்கில் கொடுத்த எம்.சி. இரண்டு நாளுக்கு. மூன்றாவது நாள் அவள் குணமாகிவிட்டாள் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அந்த இடத்தில் அவளைக் காப்பாற்றியது ஆலோசகரின் கடிதம். இரண்டு விரிவுரையாளர்களும் அதைப் படித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வேறு வினாத்தாள் கொடுத்து எழுத வைத்தார்கள். இரண்டிலும் தேறினாள். இப்போது கடைசி ஆண்டு. எஃப்.ஒய்.பி. என்கிற இறுதியாண்டுத் திட்டப்பணியைச் செய்துகொண்டிருக்கிறாள். முறுக்கு வந்தால் அன்றைக்கே தீர்ந்துபோகிறது.

அந்த அறையும் அந்தக் கடிதமும் இல்லையென்றால் அவள் என்னவாகியிருப்பாள்? அந்த இரண்டையும்தான் ஒரே அறிவிப்பில் எடுத்துவிட்டீர்கள்.

அறை போனால் என்ன, மையப் பிரிவுதான் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானே ஒருநாள் அங்கே நடந்து பார்த்தேன். வளாகத்தின் அந்தக் கோடி, மேடு ஏறிப் போக வேண்டும். காலை 8 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். உங்கள் பிள்ளைகளின் நேர அட்டவணையைக் கையில் வைத்துப் பார்த்தேன். அந்த எட்டிலிருந்து ஐந்துக்குள்தான் எல்லா விரிவுரையும், டுட்டோரியலும், மூன்று மணி நேர லேப்பும் வருகின்றன. 80 விழுக்காட்டு வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. அப்படியானால் எப்போது போவது? முன் அறைப் பெண் எனக்காக இணையத்தில் தேடிப் பார்த்தாள். அவளுக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் கிடைத்த முதல் இடம் 19 நாள் கழித்து. காய்ந்த பிரஷைப் பார்த்த அன்று 19 நாள் காத்திரு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதோடு, நெஞ்சு அடைத்துப்போய் உட்கார்ந்திருப்பவளுக்கு ஐந்து பக்க பாரத்தை நிரப்பி, பாஸ்வேர்ட் போட்டு, மேடு ஏறும் தெம்பு இருக்காது. போகிற வழியில் ஒரு கதவு திறந்திருந்தால் மட்டும்தான் அவள் உள்ளே நுழைவாள்.

அந்த அறை வருவதற்கு முன்பு என் வீட்டில் இருந்த இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். அவள் வந்த முதல் வருடம் என் வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. கடைக்காரர் மோட்டார் போய்விட்டது, 280 வெள்ளி ஆகும் என்றார். இவள் கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி என்று சொல்லி மெஷினைச் சாய்த்து, கீழே இருந்த பம்பைக் கழற்றி, அதன் இறக்கையில் சிக்கியிருந்த ஒரு ஹேர்பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. அவள் பட்டம் வாங்கவில்லை. இரண்டாம் ஆண்டில் டைனமிக்ஸ் பாடத்தில் தோற்றாள். அந்தப் பாடத்தை உங்கள் புலத்தில் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துகிறீர்கள். அதில் தேறாமல் அடுத்த இரண்டு பாடங்களை எடுக்க முடியாது. ஒரு பாடத்தில் தோற்றதற்கு ஒரு வருடம் பின்தங்கினாள். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள், தெரியாத முகங்களோடு உட்கார வேண்டியதாயிற்று. பாயிண்டர், அதாவது சராசரி மதிப்பெண் புள்ளி, 2.0க்குக் கீழே இறங்கியது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் பணம் நின்றது. வீட்டில் சொல்லப் பயந்து வார இறுதியில் பபிள் டீ கடையில் வேலைக்குப் போனாள். அப்புறம் வார நாளிலும் போனாள். மூன்றாம் ஆண்டு நடுவில் ஒருநாள் பெட்டியைக் கட்டினாள். புலத்திலிருந்து அவளுக்கு வந்தது கட்டண பாக்கி பற்றிய ஒரு மின்னஞ்சல் மட்டும்தான். எப்படி இருக்கிறாய் என்று ஒருவர்கூட அழைத்துக் கேட்கவில்லை. கடன் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

பொறியியல் என்றாலே கஷ்டம்தான், மனவலிமை வேண்டும் என்று புதிய மாணவர்களிடம் நீங்கள் பேசியதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். கஷ்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நானும் மூன்று ஷிப்ட் பார்த்தவள்தான். ஆனால் எங்கள் வார்டு சிஸ்டர் மாதம் தொடங்கும் முன் ரோஸ்டரை மேசையில் விரித்து, யாருக்கு எத்தனை இரவு தொடர்ந்து விழுகிறது என்று விரல் வைத்து எண்ணுவார். களைத்த கை தப்பான ஊசியைப் போட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் புலத்தில் அப்படி எண்ணிப் பார்க்கிறவர் யார்?

முன் அறைப் பெண் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினாள். இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, லேப், தனியாகப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு செமஸ்டருக்கு 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி நேரம். பாடம் நடக்கும் 14 வாரம், படிப்பு விடுமுறை ஒரு வாரம், தேர்வு இரண்டு வாரம், ஆக 17 வாரம். வகுத்தால் வாரத்துக்கு 42 மணி நேரம். சரி, இது தாங்கக்கூடியதுதான். பழைய பழக்கத்தில் நான் ஒரு நோட்டை எடுத்து, அவள் சம்மதத்தோடு, அவளுடைய நேரத்தைக் குறித்தேன். ஆறாவது வாரம் 51 மணி. ஏழாவது வாரம் 68 மணி. ஏனென்றால் ஏழாவது வாரத்தில் இரண்டு டெஸ்ட், மூன்று அசைன்மென்ட், ஒரு லேப் ரிப்போர்ட். ஆறு விரிவுரையாளர்களும் தனித்தனியே தேதி குறித்திருக்கிறார்கள். ஒருவர் குறித்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவர் கேட்டதும் நியாயமான வேலைதான். எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுவதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் பட்டங்களை அங்கீகரிக்கும் பொறியியல் அங்கீகார மன்றத்தின் விதிகளிலேயே மாணவர்களால் சமாளிக்க முடியாத அளவுக்குப் பாடச்சுமை ஏற்றக்கூடாது என்று இருக்கிறதாம். அங்கீகாரக் குழு வந்தபோது ஆவணங்களை அடுக்கி வைத்த மாணவர்களில் என் வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. மலேசியா 2009இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது முதல் இந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு இருக்கிறது என்று நீங்கள் பெருமையோடு விளம்பரப்படுத்துகிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். அதே விதிகளில் இருக்கும் இந்த ஒரு வரியையும் அதே அக்கறையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலோசகரின் கடிதத்தை ஏன் தள்ளினீர்கள் என்று புலத்தில் கேட்டதற்கு, யார் வேண்டுமானாலும் அழுது காட்டிக் கடிதம் வாங்கிவிடலாம் என்று ஒருவர் பதில் சொன்னாராம். இந்த நாட்டில் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களுக்கு வாரியம் இருக்கிறது, ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. நீங்களே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒருவரின் கையெழுத்தை நீங்களே நம்ப மாட்டோம் என்றால், மாணவர் அவரிடம் எந்த நம்பிக்கையில் போவார்?

உயிரை விட முயன்று பிழைத்தவர்கள் வார்டுக்கு வந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. வெளியே பெஞ்சில் போலீஸ்காரர் காத்திருப்பார். தவறுதலாக நடந்தது என்று எழுதிவிடுங்கள் மிஸ்ஸி என்று அம்மாமார் என் கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்படி. பிழைத்து எழுந்தவரை ஓராண்டு வரை சிறையில் போடலாம். அந்தப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சுகாதார அமைச்சு 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. தேசிய சுகாதார ஆய்வில் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023இல் 4.6 விழுக்காடாகிவிட்டது. வெளியே வந்து சொல், உதவி கேள் என்று நாடே பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்த கதவை மூடுகிறீர்கள்.

முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் டாஸ் 21 கேள்வித்தாளை நிரப்ப வைக்கிறீர்கள், அது நல்ல காரியம். ஆனால் அந்த 21 கேள்விகளும் கடந்த ஒரு வாரம் நீ எப்படி இருந்தாய் என்றுதான் கேட்கின்றன. ஓரியண்டேஷன் வாரத்தில் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்திருப்பார்கள். நடு அறைப் பெண்ணும் அப்படித்தான் நிரப்பினாள். ஒன்பதாவது வாரத்தில் அவளை யாரும் கேட்கவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொடங்கி, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி, உங்களிடம் வந்து ஆங்கிலத்தில் தெர்மோடைனமிக்ஸ் படிக்கிறவர்கள். சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் மனசுக்கு எதிலும் பிடிப்பில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்பதை மூன்றாவது மொழியில் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடுகிறது. வார்டில் இதை நான் தினமும் பார்த்தேன். மலாயில் ஒன்றுமில்லை என்று மருத்துவரிடம் சொன்ன பாட்டி, நான் தமிழில் கேட்டதும் பத்து நிமிடம் பேசுவார். குழு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது கடைசியில் மிச்சமாக நிற்பதும் அநேகமாக இந்தப் பிள்ளைகள்தான். அந்த அவமானத்தை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

கீழ்த்தளத்து அறையை இந்த செமஸ்டரின் ஐந்தாவது வாரத்துக்குள் திரும்பத் திறந்து விடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஆலோசகர் அங்கே இருக்கட்டும், அதில் ஒருநாள் லேப் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணி வரை இருக்கட்டும். முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடிய வேண்டும்.

ஆலோசகரின் கடிதத்தை ஏற்க மாட்டோம் என்ற விதியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். மனநல மருந்து தொடங்கியிருக்கும் மாணவருக்கு நான்கு வாரம் வரை டெஸ்ட்டைத் தள்ளி வைக்கவும், அந்த நாட்களை வருகைக் கணக்கில் குறைக்காமல் இருக்கவும் வழி செய்யுங்கள். காரணத்தை ஆறு விரிவுரையாளர்களிடமும் ஆறு முறை விளக்க வைக்காதீர்கள். ஓர் அலுவலகத்தில் ஒரு முறை சொன்னால் போதும் என்று இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டு மாணவர்களுக்கும் எல்லா டெஸ்ட்டும் எல்லா ஒப்படைப்பும் ஒரே நாட்காட்டியில் வரட்டும். செமஸ்டர் தொடங்கும் முன் ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும். ஒரே வாரத்தில் இரண்டு டெஸ்ட்டுக்கு மேல் விழுந்தால் மாற்றுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு மதிய நேரம் போதும்.

டாஸ் கேள்வித்தாளை எட்டாவது வாரத்திலும் கொடுங்கள். கடுமை என்று விடை வருகிற பிள்ளையை ஒரு வாரத்துக்குள் ஒரு மனிதர் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். தானாக அனுப்பப்படும் மின்னஞ்சல் போதாது.

டைனமிக்ஸ் மாதிரி அடுத்த பாடங்களுக்கு வாசலாக இருக்கும் பாடங்களைக் குறுகிய செமஸ்டரிலும் நடத்துங்கள். தமிழில் பேசத் தெரிந்த ஆலோசகர் ஒருவரை மாதத்தில் சில நாளாவது வரவழையுங்கள்.

நான்காவது வாரம் முடிவதற்குள் இந்த மடலுக்கு எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். நேரில் பேச வேண்டுமென்றாலும் வருகிறேன். செவ்வாய், வியாழன் மாலை நான்கு மணிக்குப் பிறகு என் வீட்டுப் பெண்கள் இருவருக்கும் வகுப்பு இல்லை. அவர்களும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் குறித்த அந்த நோட்டையும் கொண்டு வருகிறேன்.

இதைப் படிக்கும் மாணவர் யாராவது ராத்திரியில் தனியாகத் தாங்க முடியாமல் இருந்தால் 15555ஐ அழையுங்கள். இல்லையென்றால் 24 மணி நேரமும் பேசக் காத்திருக்கும் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸை 03-7627 2929 என்ற எண்ணில் அழையுங்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து,
ஓய்வு பெற்ற ஒரு தாதி